மாந்தளிர் நிற அங்கவஸ்திரம்

ஒருவர் நம் பேச்சை இடையில் வெட்டாமல் கேட்டார் என்பதற்காகவே அவர் மேல் ஆசை வருமா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

மகள் பிறந்த பிறகு என்னைப் பிடித்துக்கொண்ட பயத்துக்காகத்தான் வேலூரில் அந்த மனநல மருத்துவரிடம் போக ஆரம்பித்தேன். தூங்கும் குழந்தைக்கு மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பேன். பார்த்துவிட்டு வந்து, சரியாகப் பார்த்தேனா என்று மறுபடி போவேன். அவர் மாத்திரையைவிடப் பேச்சைத்தான் அதிகம் நம்பினார். வாராவாரம் பேசப் பேச என் விரல் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது.

அதன் இடத்தில் வேறொன்று வந்தது. வேலூர் போகும் வழியில் கண்ணமங்கலம் தாண்டியதும் பேருந்து ஜன்னலில் மலைகள் மிதக்கும். அரைத் தூக்கத்தில், எங்கள் நெசவுத் தெருவில் காலையில் தறிக்காக நீட்டிக் கட்டும் பாவு நூல் அந்த மலைவரை போகும். மறுமுனையை மருத்துவர் பிடித்திருப்பார். நான் நூலைத் தடவிக்கொண்டே நடப்பேன். எவ்வளவு நடந்தாலும் அவர் கை எட்டாது. விழிக்கும்போது உடம்பெல்லாம் சுடும். இறங்கியதும் புடவையைச் சரிசெய்துகொள்வேன். யாருக்காக என்று கேட்டுக்கொள்ள மாட்டேன்.

மாமியாருக்கு இதெல்லாம் தெரியாது. "வெறுங்கையோட போவாதம்மா. உனக்குப் பிரசவம் பாத்த டாக்டரம்மாவுக்குப் புடவை குடுத்தமே, இவருக்கு ஒண்ணும் இல்லியா? நெய்யிற வூட்லேர்ந்து போய்கினு!" என்றார். நல்ல மருத்துவருக்குப் பட்டு கொடுப்பது எங்கள் வழக்கம்தான். ஆனால் மாந்தளிர் நிற அங்கவஸ்திரத்தை, அவர் தோளை நினைத்தே எடுத்தேன்.

மேசைமேல் வைத்ததை அவர் தொடவில்லை.

"அத்தை குடுத்தாங்க," என்றேன்.

"அவங்களுக்கு என் நன்றியைச் சொல்லுங்க. ஆனா வாங்கிக்க மாட்டேன். வாங்கிட்டா, இதுக்குள்ள நீங்க சொல்ல நினைச்சது ஏதாவது இருந்தா, அது சொல்லாமலே போயிடும்."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. சொல்லிவிட்டேன். பாவு நூலையும் சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. நாற்காலியைப் பின்னால் தள்ளவும் இல்லை. "சொன்னது நல்லதுங்க. வெட்கப்பட ஒண்ணுமில்ல. இங்க எதை வேணும்னாலும் பேசலாம். ஆனா பேச்சைத் தாண்டி நமக்குள்ள எதுவும் வராது, சிகிச்சை முடிஞ்ச பிறகும்."

"என்னை வேற டாக்டர்கிட்ட அனுப்பிடுவீங்களா?"

"இதுக்காக அனுப்ப மாட்டேன். நீங்களே கேட்டா, ஒரு பெண் மருத்துவர் இருக்காங்க, சொல்றேன். நானும் எனக்கு மூத்த டாக்டர் ஒருத்தர்கிட்ட இதைப் பத்திக் கலந்துக்குவேன். உங்க பேரைச் சொல்ல மாட்டேன்."

ஒரு கதவு சாத்தப்பட்டதுபோல் வலித்தது. அது சாத்தியிருந்ததால்தான் அங்கே பயமில்லாமல் உட்கார முடிந்தது என்றும் தோன்றியது.

வீட்டில் பொட்டலத்தைப் பார்த்து மாமியார், "வேணாம்னுட்டாரா? பொழைக்கத் தெரியாத மனுஷன்!" என்று சிரித்தார். கணவர் அதை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றார்.

"எப்டி கீது? மாப்பிள்ளை மாதிரி இல்ல?"

நான் வாய் திறப்பதற்குள் அவர் கைபேசி அடித்தது. ஏதோ ஆர்டர். "சொல்லு, கேட்டுகினுதான் கீறேன்," என்றபடி அதே அங்கவஸ்திரத்தோடு தறிக்கூடத்துக்குப் போய்விட்டார்.

அன்று மறுபடி குழந்தையின் மூக்கருகே விரல் வைத்தேன்.

அடுத்த வாரம் போக வேண்டும். அவரிடமே தொடர்ந்தால், குணமாகப் போகிறேனா, அவரைப் பார்க்கப் போகிறேனா? பெண் மருத்துவரைக் கேட்டால், பேசித் தீர்க்க வேண்டியதை விட்டு ஓடுகிறேனா? இப்படி ஒரு நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தவர் யாராவது இதைப் படித்தால், நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எனக்குச் சொல்லுங்கள்.