போர்த்துக்கீசு நெய்னாவின் ஒரே வினைச்சொல்

பாம்பனில் நெய்னா முகம்மதுவைப் ‘போர்த்துக்கீசு நெய்னா’ என்றால்தான் தெரியும். ஆப்பிரிக்காவில் போர்த்துக்கீசுக்காரர்கள் ஆண்ட லொரன்சோ மார்க்கஸ் துறைமுகத்துக்குப் போகும் கப்பலில் மூன்று வருடம் வெங்காயம் உரித்தவர். திரும்பி வரும்போது கொண்டுவந்தது ஒரு தொப்பியும் ‘ஃபிக்கார்’ என்ற ஒரு வினைச்சொல்லும்தான்.

டீக்கடையில் ஆள் கிடைத்தால் பாடம் ஆரம்பித்துவிடும். “வீட்டுல தங்குனா ஃபிக்கார். சோறு மிஞ்சுனா ஃபிக்கார். ஒருத்தன் பணக்காரனா ஆனாலும் ஃபிக்கார்தான். எடுத்தத நீயே வச்சுக்கிட்டா மட்டும் பின்னால ஒரு ‘கொம்’ போடணும்ல!” ஒற்றைச் சொல்லுக்கு இவ்வளவு அலட்டலா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வேறு ஒரு சொல்லும் தெரியாது என்பதை மட்டும் மனிதர் வாய்திறந்து சொன்னதில்லை.

ஐம்பத்தாறாம் வருடம் என் சித்தி மகள் மெஹருன்னிசாவுக்கு லொரன்சோ மார்க்கஸிலிருந்து, போர்த்துக்கீசு மொழியில் டைப் அடித்த சர்க்கார் கடிதம் ஒன்று வந்தது. அவள் கணவர் மீரா சாகிபு அங்கே ஒரு கடையில் வேலை பார்த்தார். பல மாதமாகத் தகவல் இல்லை. அவர் உயிரோடு இருக்கிறாரா என்பதுதான் அவளுக்குத் தெரியவேண்டும். நானே போய் நெய்னாவை அழைத்துவந்தேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க.

கண்ணாடியைத் துடைத்து மாட்டி, கடிதத்தை மேலும் கீழும் பார்த்தார். ஓரிடத்தில் விரல் நின்றது. “இந்தா ஃபிக்கோன்னு போட்டிருக்கு. தங்கிட்டாருன்னு அர்த்தம். வேலை முடியல, பையத்தான் வருவாரு. கவலப்படாதம்மா.”

அவள் அழுது சிரித்தாள். இரண்டு மாதம் கழித்து என் மகள் கல்யாணத்தில் பச்சைப் பட்டு உடுத்தி, எல்லாரையும்விட உரக்கக் குலவை போட்டாள்.

அதன்பிறகு மூன்று மாதத்தில், அதே நாட்டில் பெய்ராவில் கடை வைத்திருக்கும், போர்த்துக்கீசு வாசிக்கத் தெரிந்த சதக் லீவில் வந்தார். கடிதத்தைக் காட்டினோம். வாசித்தவர் முகம் மாறியது.

“மொத வரியிலயே மவுத்தாயிட்டாருன்னு இருக்கே! ஃபிக்கோங்கிறது அவரு பெட்டியப் பத்தி. பெட்டி ஆபீசுல இருக்காம்.”

கணவன் இறந்தால் நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருந்து துக்கம் காப்பது எங்கள் பெண்களின் கடமை. மெஹருன்னிசா வெள்ளைச் சேலையைக் கையில் எடுத்துவிட்டாள். பள்ளிவாசல் லெப்பையோ, இறந்த நாளிலிருந்துதான் கணக்கு, நாள் முடிந்துவிட்டது, இனி இத்தா இல்லை என்றார்.

நெய்னாவை வரச்சொல்லி, கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள். “தெரியாதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே மாமா. அவரு மண்ணுக்குள்ள கிடக்கையில நான் கல்யாண வீட்டுல குலவை போட்டேனே.”

அவர் தொப்பியைத் தடவிக்கொண்டு நின்றார். அப்போதும் அந்த வார்த்தை வரவில்லை.

அடுத்த வாரம் டீக்கடைப் பக்கம் போனேன். உள்ளே அவர் குரல். “பெட்டி ஒரு எடத்துல இருந்தாலும் ஃபிக்கார்தான்ல, தெரிஞ்சுக்க!”