லோஞ்ச் ஓடாத நாளின் ஆங்கிலப் பாடம்

பாக்கியரத்தினம் மிஸ்ஸின் சிவப்புப் பேனாவுக்கு நாங்கள் எல்லோருமே பயந்தவர்கள். 1998இல் திருகோணமலையில் ஆங்கில ஆசிரியப் பயிலுநர்களாக இருந்த எங்களை மேற்பார்வை செய்த விரிவுரையாளர் அவர். பாடக்குறிப்பில் ஒரு முற்றுப்புள்ளி தவறினாலும் வட்டமிடுவார். மதியச் சாப்பாடு கொண்டுவராதவர் யார் என்பதையும் அதே கண்தான் கண்டுபிடிக்கும்.

அந்த வருடம் புதிய கற்பித்தல் முறை வந்திருந்தது. இலக்கணத்தைக் கரும்பலகையில் எழுதாமல் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்து, அதை ஆங்கிலத்தில் பேசியே முடிக்க வைக்க வேண்டும்.

என்னோடு படித்த ஜெஸீமா மூதூர்ப் பாடசாலை ஒன்றில் பயிற்சியில் இருந்தாள். அவளுடைய பாடத்தைப் பார்க்க, மிஸ் லோஞ்ச் என்ற இயந்திரப் படகில் கடல் கடந்து போனார். ஜெஸீமா கொடுத்த வேலை இது: லோஞ்ச் நேர அட்டவணையின் பாதி ஒரு பிள்ளையிடம், மீதி பக்கத்துப் பிள்ளையிடம். ஆங்கிலத்தில் கேட்டு நிரப்ப வேண்டும். எட்டாம் வகுப்பில் நாற்பது பேரும் வாய் திறக்கவில்லை. எட்டிப் பார்த்து எழுதினார்கள்.

ஜெஸீமா கண் கலங்க, மிஸ் உட்கார்ந்திருந்த கடைசி வாங்குக்கு வந்தாள். "புள்ளைகள் கதைக்குதுகள் இல்ல மிஸ். எனக்கு ஏலாது."

மேற்பார்வையாளர் பாடத்தில் தலையிடக் கூடாது என்பது விதி. ஆனாலும் மிஸ் எழுந்துபோய் முன்வாங்கில் உட்கார்ந்து, தான் திரும்பிப் போகும் லோஞ்ச் எத்தனை மணிக்கு என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

இறங்குதுறைப் பக்கமிருந்து பிந்தி வந்திருந்த ஸல்ஹா என்ற சிறுமி எழும்பினாள்.

"நோ லோஞ்ச், மிஸ். நேவி ஸ்டொப். டுமோரோ கோ."

மிஸ் திடுக்கிட்டார். யுத்த காலம் அது; கடற்படை அன்று லோஞ்சை நிறுத்திவிட்டது அவருக்குத் தெரியாது. "வெயர் வில் ஐ ஸ்லீப்?"

"மை ஹவுஸ், மிஸ்," என்றான் ஒரு பையன்.

"மை மதர் குக் ஃபிஷ்," என்றாள் ஸல்ஹா.

"ஹிஸ் ஹவுஸ் ஸ்மோல், மிஸ். கம் மை ஹவுஸ்," என்று இன்னொரு பிள்ளை அந்தப் பையனைக் காட்டிச் சொன்னது.

சத்தம் கேட்டுப் பாடசாலை அதிபர் வகுப்பு வாசலுக்கு வந்துவிட்டார். இத்தனை பிழைக்கும் மிஸ் பேனாவைத் தொடவில்லை என்று ஜெஸீமா பிறகு எங்களுக்குச் சொன்னாள்.

அன்று ஜெஸீமா தங்கியிருந்த வீட்டிலேயே மிஸ்ஸும் தங்கினார். ஸல்ஹாவின் தாய் பொரித்த மீன் அனுப்பியிருந்தார். மதிப்பீட்டுத் தாளில் மிஸ், "நான் தலையிட்டேன். பிழை பயிலுநருடையதல்ல" என்று எழுதினார். மேலிடம் அவரிடம் விளக்கம் கேட்டது. ஜெஸீமாவின் பாடத்தை மறுபடி பார்க்க வேறொருவர் போனார். இந்தமுறை அவள் அட்டவணை எதுவும் கொண்டுபோகவில்லை. தனக்குத் தேவைப்பட்ட பழைய சைக்கிள் ஒன்றை மூதூரில் யாரிடம் வாங்கலாம் என்று பிள்ளைகளிடம் ஆங்கிலத்தில் கேட்டாள். மதிப்பீட்டில் சித்தியடைந்தாள், சைக்கிளும் கிடைத்தது.

அதன்பிறகு மூதூருக்குப் போக மற்ற விரிவுரையாளர்கள் தயங்கும்போதெல்லாம், "நான் போறன்" என்று மிஸ்தான் பெயர் கொடுப்பார். மாற்றுச் சேலை ஒன்றும் கையோடு போகும்.