இரண்டாவது வயர்

"…ரெண்டு வயரையும் ஒரே பக்கத்துல சொருகீக்கேனே மச்சான். இனி இத வெச்சி நீ எவ்வளவு காலம் சிரிக்கப் போறாயோ," என்றான் என் கூட்டாளி, சேர்வர் ரெக்குக்குப் பின்னால் குனிந்து டோர்ச் அடித்துக்கொண்டே.

நான் சிரிக்கவில்லை. பிலிமத்தலாவையில் ஒரு மொத்தக் கடையின் மாடியறையில் நின்றிருந்தோம். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவன் வேலைக்குக் கட்டாருக்குப் போகிறான். நாங்கள் சேர்ந்து செய்கிற கடைசி வேலை அது. திரும்பி வருவாயா என்று கேட்கக் காலையில் பஸ்ஸில் ஏறியதிலிருந்தே எனக்கு வாய் வந்து வந்து போய்க்கொண்டிருந்தது.

அவனுக்கு ஊர் அலவத்துகொட, எனக்குப் பன்வில பக்கம். கண்டியில் ஒரு கொம்பியூட்டர் கடைக்குப் பெட்டி தூக்கப் போன இடத்தில் பழக்கம். படித்துவிட்டு வந்தவர்கள் இல்லை நாங்கள். பார்த்து, கேட்டு, இடையிடையே ஷொக்கும் வாங்கிக் கற்றுக்கொண்டதுதான். பிறகு இரண்டு பேருமாகச் சேர்ந்து கடைகளுக்கும் கிளினிக்குகளுக்கும் சேர்வர் பூட்டிக் கொடுக்கத் தொடங்கினோம்.

சேர்வர் என்றால் ஒன்றுமில்லை, ரெக் என்கிற இரும்புச் சட்டத்துக்குள் தட்டுத் தட்டாகப் படுக்க வைக்கிற கனமான கொம்பியூட்டர். அதற்கு முதுகில் கரண்ட் வாங்குகிற வாய் இரண்டு. ஒன்றை ஒரு யூ.பி.எஸ்ஸிலும் மற்றதை வேறொரு யூ.பி.எஸ்ஸிலும் கொடுக்க வேண்டும். ஒன்று விழுந்தாலும் மற்றது தாங்கிக்கொள்ளும். இரண்டையும் ஒன்றிலேயே செருகிவிட்டால், அது போகிற நேரம் எல்லாமே போகும். இதை எத்தனையோ முதலாளிமாருக்குக் கதை கதையாகச் சொன்னவனே அவன்தான்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. வயர் போட்டவன் மெஷினைத் தொடக்கும் பட்டனை அழுத்தக் கூடாது. போட்டவன் அறைக்கு வெளியே போய்விடுவான். மற்றவன் எர்த் வயரில் தொடங்கி, ஒவ்வொரு வயரையும் செருகிய இடத்திலிருந்து மெஷின் வரைக்கும் விரலால் தடவிக்கொண்டே போய், எது எங்கே போகிறது என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பான். தொழுகைக்குப் பிறகு ஓதும் மணிமாலையை ஒவ்வொரு மணியாகத் தள்ளுவது போல இருப்பதால், அதற்கு அவன் வைத்த பெயர் தஸ்பீஹ் உருட்டுவது. கதவுக்கு வெளியே நின்று, "உருட்டி முடிஞ்சா மச்சான்?" என்பான்.

"இல்ல. நீ சத்தம் போட்டதுல நடுவுல விட்டுட்டேன். மறுபடி மொதல்ல இருந்து," என்று நான் வேண்டுமென்றே இழுப்பேன்.

"அப்ப நான் ஊட்டுக்குப் போய்ச் சோறு தின்டுட்டு வாறேன்."

எல்லாம் சரியென்றால், பார்த்தவன் அழுத்துவான். மெஷின் இரைந்து அடங்கியதும், போட்டவன் பின்னால் போய் ஒரு வயரைப் பிடுங்குவான். மெஷின் நிற்காமல் ஓடினால் வேலை சரி. உடனே திரும்பச் செருகிவிட்டுத்தான் கை கழுவப் போவோம்.

அன்று வயர் போடும் முறை அவனுடையது. வேலைக்கு நடுவில் கடை முதலாளி படியேறி வந்தார். பேச்சுக்குக் குறைவில்லாத மனிதர். சுவரில் புதிதாகப் பூட்டிய ஏசியைப் பார்த்தார். "நான் கீழ வேர்த்து வேர்த்துக் கெடக்கேன். இந்தப் பெட்டிக்கு வந்த அன்னிக்கே ஏசியா? இதென்ன மாப்பிள்ளையா?" என்றார்.

"மாப்பிள்ளதான் மொதலாளி. சூடானா ஒண்டும் செல்லாம எழும்பிப் போயிரும்," என்றான் இவன்.

முதலாளி சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார். சொன்னவன் முகத்தில்தான் சிரிப்பு நிற்கவில்லை. வயரைப் போட்டு முடித்து வெளியே போனான். நான் விரலால் தடவிக்கொண்டு வந்தபோதுதான், இரண்டாவது வயரும் இடப்பக்கத்து யூ.பி.எஸ்ஸுக்கே போவது தெரிந்தது. கூப்பிட்டுக் காட்டினேன். அவனும் குனிந்து பார்த்தான்.

இப்போது நான் தனியாள். வயர் போடுவதும் நான், பட்டன் அழுத்துவதும் நான். வழக்கத்தை விடவும் மனமில்லை. போட்டு முடித்ததும் அறையைச் சாத்திவிட்டுக் கீழே வந்து, ஒரு ப்ளேன்டீ குடித்து, ரோட்டில் போகிற வருகிற பஸ்ஸையெல்லாம் பார்த்துவிட்டு, வேறு யாரோ பூட்டிய மெஷினைப் பார்க்கப் போகிறவன் மாதிரி படியேறுவேன். விரல் வயரில் ஓடும்போது காது கதவுப் பக்கம் போகும். சில நாள் வாய் தானாகவே சொல்லும், "சத்தம் போடாத, நடுவுல விட்டுட்டேன்" என்று.

அவனிடமிருந்து வாட்ஸ்அப்பில் வொய்ஸ் வரும். அங்கே ஒரு பெரிய மண்டபம் நிறைய ரெக்தானாம், எல்லாவற்றையும் மெஷினே சரி பார்க்குமாம். "தஸ்பீஹ் உருட்ட ஆள் தேவயில்ல மச்சான் இங்க," என்றான் ஒரு தடவை. அதை எத்தனை தரம் போட்டுக் கேட்டேன் என்று எனக்கே தெரியாது.

அன்று அந்த மாடியறையில், அவன் இரண்டாவது வயரைக் கழற்றி வலப்பக்கத்தில் செருகினான். நான் இன்னொரு தரம் தடவிப் பார்த்து, முன்னால் வந்து அழுத்தினேன். காற்றாடிகள் ஒரேயடியாக இரைந்து, மெல்ல மெல்ல அடங்கின. பச்சை விளக்கு இரண்டும் எரிந்தன. அந்த இரைச்சல் அடங்கிய இடத்தில்தான் எனக்கு வாய் வந்தது.

"திரும்பி வருவியாடா?"

அவன் ரெக்குக்குப் பின்னால் போனான். எந்த வயரைப் பிழையாகப் போட்டானோ அதையே பிடுங்கினான். ஒரு விளக்கு செம்மஞ்சளாக மாறியது, மெஷின் கீச்சிட்டது, காற்றாடி கொஞ்சம் வேகம் பிடித்தது. மற்ற வயரில் மெஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. வேலை சரி. உடனே செருகிவிட வேண்டியவன், பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு, மெஷினையே பார்த்தபடி அப்படியே நின்றான்.