மூன்று ஃபைபர் ஸ்டிக், பதினொரு பெண்கள்

"கேப்டன் நானா, பவானியா? நீங்களே சொல்லுங்க அக்கா."

லெட்சுமி தன் ஹாக்கி ஸ்டிக்கை என் மேசைமேல் வைத்தாள். வைத்தாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. போட்டாள். செக் பண்ணக் காத்திருந்த கையுறைகள் தரையில் சிதறின.

"அவளுக்கு ஃபைபர் ஸ்டிக், எனக்கு பழைய கட்ட. அப்ப ஃபைனல்ல அவளையே கோல் போடச் சொல்லுங்க. நா வரல."

இது எண்பதுகளின் நடுவில், மலேசியாவில் ஈப்போ பக்கத்து ஜெலாப்பாங்கில், ரப்பர் கையுறை செய்யும் ஒரு ஃபேக்டரியில் நடந்தது. நான் அங்கே கியூசி சூப்பர்வைசர். கையுறைக்குள் தண்ணீர் ஊற்றி, ஊசி முனை அளவு ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கும் பிரிவு என்னுடையது. அதோடு ஃபேக்டரியின் பெண்கள் ஹாக்கி டீமுக்கு மேனேஜர் பொறுப்பும் என் தலையில் விழுந்திருந்தது. டீமில் பாதிப்பேர் கோலா கங்சார் பக்கத்து ரப்பர் தோட்டங்களிலிருந்து ஃபேக்டரி பஸ்ஸில் வருகிறவர்கள். லெட்சுமி எங்கள் சென்டர் ஃபார்வர்ட். அந்த வருஷம் நாங்கள் போட்ட கோல்களில் முக்கால்வாசி அவள் போட்டது. அவள் வராவிட்டால் ஃபைனலுக்குப் போவதும் ஒன்று, வீட்டில் இருப்பதும் ஒன்று.

சண்டை எங்கே ஆரம்பித்தது என்று சொல்கிறேன்.

1. ஹனீபா பாய் கடை

ஃபேக்டரிகளுக்கு இடையிலான போட்டியில் அதுவரை எல்லா ஆட்டத்தையும் புல்லில் ஆடினோம். ஃபைனல் மட்டும் கோலாலம்பூரில், டர்ஃபில் என்று சொல்லிவிட்டார்கள். செயற்கைப் புல் விரித்து, தண்ணீர் தெளித்த மைதானம். எங்களில் ஒருத்திகூட அதன்மேல் கால் வைத்ததில்லை.

எங்கள் ஃபேக்டரி மேனேஜர் மிஸ்டர் வோங் என்னைக் கூப்பிட்டார். மலாயும் இங்கிலீஷும் கொஞ்சம் தமிழும் கலந்துதான் பேசுவார்.

"சரோஜா, டர்ஃப்ல பால் ரொம்ப லாஜு லா, பயங்கர ஸ்பீடு. மர ஸ்டிக் தாங்காது. புதுசு வந்திருக்காம், ஃபைபர். நீதானே கியூசி? நீயே பாத்து எடு."

ஈப்போ டவுனில் விளையாட்டுச் சாமான் விற்ற ஹனீபா பாயிடம் போனேன். ஃபைபர் ஸ்டிக்கை அன்றுதான் முதலில் கையில் பிடித்தேன். உள்ளே மரம்தான். அதன்மேல் ஃபைபர் கிளாஸும் கொஞ்சம் கார்பனும் சுற்றி, பிசின் போட்டு இறுக்கியிருந்தார்கள். விரலால் தட்டினால் மரத்தின் சத்தம் வராது, கிண்ணென்று கேட்கும்.

"மொத்தமே நாலுதான் இருக்கு தங்கச்சி. அடுத்த சரக்கு எப்ப வரும்னு எனக்கே தெரியாது" என்றார் பாய்.

நாலையும் கண்ணாடி மேசைமேல், தட்டை முகம் கீழே இருக்கும்படி வைத்தேன். மூன்று அசையாமல் கிடந்தன. நாலாவது லேசாக ஆடியது. ஒரு கண்ணை மூடி, கைப்பிடியிலிருந்து தலை வரை நீளவாக்கில் பார்த்தேன். தலை கொஞ்சம் முறுக்கியிருந்தது.

"இது வேணாம் பாய். அடிச்சா பந்து எடது பக்கமா போயிரும்."

பாய் தானும் ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். "அட ஆமா! இத நா திருப்பி அனுப்பிடுறேன்" என்று உள்ளே எடுத்து வைத்துவிட்டு ஒன்று சொன்னார். "இது அடிக்க நல்லாருக்கும். ஆனா பந்த நிறுத்துறப்ப துள்ளிரும். மரம் மாதிரி உள்ள வாங்காது. பாத்துக்குங்க."

அடிப்பதற்கு ஒன்று, நிறுத்துவதற்கு ஒன்று. பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் மனசில் அதுவே ஓடிக்கொண்டிருந்தது.

2. கார் பார்க்கில்

டர்ஃபோடு கொஞ்சமாவது ஒத்துப்போகும் தரை எங்களிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஃபேக்டரியின் சிமெண்டு கார் பார்க். ஞாயிற்றுக்கிழமை ஹோஸ் பிடித்து அதை நனைத்தோம். புது ஸ்டிக் தேய்ந்து போகாமலிருக்க அடியில் டேப் சுற்றினேன். கோல்கீப்பரைத் தவிர எல்லோரும் மூன்று ஸ்டிக்கையும் மாற்றி மாற்றி அடித்துப் பார்த்தார்கள். நான் ஓரமாக நின்று பார்த்தேன். யாரிடமும் எது பிடித்திருக்கிறது என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் எல்லோரும் புதுசுதான் என்றிருப்பார்கள்.

லெட்சுமி ஓர் அடி அடித்தாள். பந்து கடைசிச் சுவரில் மோதித் திரும்பி வந்தது. எல்லோரும் கத்தினார்கள். ஆனால் அவளுக்கு யாராவது பந்து தள்ளினால், அது ஸ்டிக்கில் பட்டு ஒரு கை தூரம் துள்ளிப் போனது. பழைய மல்பெரி மர ஸ்டிக்கில் அதே பந்து அவள் காலடியில் செத்து விழும். அவள் ஆட்டமே அதுதான். எவ்வளவு வேகமாக வந்தாலும் நிறுத்துவாள், திரும்புவாள், அடிப்பாள்.

ஃபுல் பேக் பவானி ஆளே சின்னவள். பேக்கிங் பிரிவில் வேலை. டேக்கிள் பண்ணுவதில் கெட்டிக்காரி, ஆனால் அவள் அடிக்கும் பந்து பாதி மைதானம்கூடத் தாண்டாது. எதிராளி எடுத்து மறுபடியும் நம் கோலுக்கே கொண்டு வருவாள். ஃபைபர் ஸ்டிக்கில் அதே பவானி, அதே கை வீச்சில் அடித்தாள். பந்து லெட்சுமி அடித்த சுவரையே போய்த் தொட்டது. பவானி ஸ்டிக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அக்கா, நாந்தான் அடிச்சேனா?"

ஒன்று பவானிக்கு. ஒன்று இன்னொரு ஃபுல் பேக் மேரிக்கு. மூன்றாவது, பெனால்டி கார்னர் அடிக்கும் ரோஹானிக்கு. மறுநாள் காலை இதைச் சொன்னேன். அப்போதுதான் என் மேசையிலிருந்த கையுறைகள் தரையில் சிதறின.

விஷயம் மிஸ்டர் வோங் காதுக்குப் போனது. "குடுத்துரு லா சரோஜா. அவ ஸ்டார். சண்டை வேணாம்."

"குடுத்தா அவ ஸ்டாரா இருக்க மாட்டா சார்" என்றேன்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் லெட்சுமியைக் கார் பார்க்குக்கு இழுத்துக்கொண்டு போனேன். இரண்டு ஸ்டிக்கையும் அவள் கையில் கொடுத்து, பந்தை வேகமாக உருட்டிக்கொண்டே இருந்தேன். ஃபைபரில் துள்ளியது. மரத்தில் நின்றது. மறுபடியும் ஃபைபரில் துள்ளியது.

"பழகுனா சரியாயிரும்" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

"ஆயிரும். யாரு இல்லன்னா? ஆனா ஃபைனல் இந்த ஞாயித்துக்கெழம."

இரண்டு ஸ்டிக்கையும் சுவரில் சாய்த்துவிட்டுப் போய்விட்டாள். அந்த வாரம் முழுக்க என்னோடு பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடியலில் பஸ் கிளம்பும்போது கடைசி ஆளாக ஏறி, முன் சீட்டில் உட்கார்ந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோளில் பழைய மர ஸ்டிக் இருந்தது. எனக்கு அது போதும்.

3. டர்ஃப்

எதிர் டீம் கோலாலம்பூர் ஃபேக்டரி. எல்லோர் கையிலும் பளபளவென்று ஃபைபர். எங்கள் பெண்கள் அதையே எட்டி எட்டிப் பார்த்தார்கள். பந்து பச்சைத் தரையில் வழுக்கிக்கொண்டு பறந்தது. எங்கள் கால்கள் பழகுவதற்குள் ஒரு கோல் வாங்கிவிட்டோம். இடைவேளை வரை அதே நிலைதான்.

ஆனால் ஒன்று கவனித்தேன். அவர்கள் ஃபார்வர்டுகளிடம் பந்து வரும், ஸ்டிக்கில் படும், துள்ளும். அந்தத் துள்ளலில் பவானி புகுந்து எடுத்துவிடுவாள்.

"எடுத்ததும் யோசிக்காத" என்று இடைவேளையில் அவளிடம் சொன்னேன். "நேரா லெட்சுமிக்கு அடி. இப்ப ஒன்னோட அடி அவ்ளோ தூரம் போவும்."

லெட்சுமி அந்த வாரத்தில் முதல் முறையாக வாயைத் திறந்தாள். பேச்சு என்னிடம் இல்லை, பவானியிடம். "எவ்ளோ ஸ்பீடா வேணாலும் அடி. நா நிறுத்துறேன்."

இரண்டாவது பாதியில் பவானி எங்கள் பக்கத்திலிருந்து ஒன்று அடித்தாள். பந்து இரண்டு பேரைத் தாண்டிக் கோடு கிழித்ததுபோல் போனது. அந்த வேகத்தில் வந்த பந்தை லெட்சுமி மர ஸ்டிக்கில் வாங்கினாள். பந்து அங்கேயே படுத்துவிட்டது. எதிர் ஃபுல் பேக் அது துள்ளும் என்று நினைத்து ஓர் அடி முன்னால் பாய்ந்திருந்தாள். லெட்சுமி திரும்பினாள், அடித்தாள். ஒன்றுக்கு ஒன்று.

கடைசி நிமிஷங்களில் எங்களுக்குப் பெனால்டி கார்னர். மேரி பந்தைத் தள்ளினாள். லெட்சுமி மண்டியிட்டு நிறுத்தினாள். அது ஆணி அடித்ததுபோல் நின்றது. ரோஹானி ஃபைபரை வீசினாள். கோல் பலகையில் டமார் என்ற சத்தம் கேட்ட பிறகுதான் கோல்கீப்பர் குனிந்தாள்.

நான் அதுவரை பெஞ்சைவிட்டு எழுந்ததில்லை. அன்றைக்கு மைதானத்துக்குள் ஓடினேன். அம்பயர் விசில் ஊதி என்னை வெளியே துரத்தினார். மிச்ச நேரத்தில் வந்த எல்லாப் பந்தையும் பவானியும் மேரியும் மறு எல்லைக்கே அடித்துத் தள்ளினார்கள். ஜெயித்தோம்!

திரும்பும் பஸ்ஸில் லெட்சுமி கப்பை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அடுத்த வருசம் எனக்கும் ஒன்னு வாங்கணும் அக்கா. நாளைக்கே பாய்கிட்ட சொல்லி வச்சிருங்க. இப்பவே பழக ஆரம்பிச்சாத்தான் சரியா இருக்கும்."

"சரி கேப்டன்" என்றேன்.

இப்போது ஸ்டிக் வாங்கப் போகும் பிள்ளைகள் எடுத்தவுடன் கார்பன் எவ்வளவு என்று கேட்கிறார்கள். கேளுங்கள், தப்பில்லை. ஆனால் ஆட்டத்தில் உங்கள் வேலை அடிப்பதா, நிறுத்துவதா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஸ்டிக்கை அதற்குப் பிறகு எடுக்கலாம். இதைத்தான் நான் அன்றைக்குக் கற்றுக்கொண்டேன்.

ஃபைனலுக்கு மறுநாள், திங்கட்கிழமை, வேலைக்குப் போனோம். எங்கள் ஃபேக்டரியில் கையுறை ஓடும் லைனை யாருக்காகவும் நிறுத்த மாட்டார்கள். மந்திரி சுற்றிப் பார்க்க வந்த அன்றைக்கும் அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. நாங்கள் கப்பைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்ததும் மிஸ்டர் வோங் தானே போய் சுவிட்சை அணைத்தார். நகர்ந்துகொண்டிருந்த கையுறைகள் வரிசையாக நின்றன. அத்தனை பெண்களும் எழுந்து மேசையைத் தட்ட ஆரம்பித்தார்கள்.