வெல்லம் கரைத்த அமாவாசை

எழுபதுகளில் கல்யாணமாகி மணவாள நகருக்கு வந்த புதிதில், எனக்குக் காரணமே இல்லாமல் அழுகை வரும். டாக்டர் "எங்கம்மா வலிக்குது?" என்று கேட்டார். எந்த இடத்தைக் காட்டுவது? சத்து டானிக் எழுதிக் கொடுத்தார். அழுகைக்கு டானிக்!

மனசுக்கென்று தனியாக டாக்டர் இருக்கிறாரா என்று கணவரைக் கேட்டேன். "உன்ன இன்னா, கீழ்ப்பாக்கத்துக்கு இட்டுக்கினு போவணுமா?" என்று சிரித்தார். பைத்தியக்கார ஆஸ்பத்திரி அங்கேதான் இருந்தது. பிறகு நான் யாரையும் கேட்கவில்லை.

திருவள்ளூர்க் கோயில் குளத்தில் வெல்லம் கரைத்தால் வியாதியும் கரைந்துவிடும் என்பார்கள். ஓர் அமாவாசையன்று தனியாகப் போனேன். பக்கத்துப் படியில் என் வயதுப் பெண் ஒருத்தி தண்ணீருக்குள் கையை விட்டபடி உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாம்மா உடம்புக்கு?" என்று கேட்டாள்.

"வயித்து வலி. உனக்கு?"

"எனக்கும் அதான்."

அவளுடைய வெல்லம் எப்போதோ கரைந்திருந்தது. ஆனாலும் கையை எடுக்காமல், சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். வயிற்று வலிக்காரி அப்படி அழமாட்டாள். அது எனக்குத் தெரியாதா?

"பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று சொல்லி எழுந்துவிட்டேன்.

மணவாள நகருக்கு நான் நடந்துதான் போவேன்.