திருக்கடையூர் பஸ்ஸில் ஒரு பில்டு

அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்குப் போகும் பஸ்ஸில், மடியில் லேப்டாப்போடு மல்லாடினேன். என் ப்ரோகிராமின் தலையில் வரும் இம்போர்ட் வரிகளை, நான் டைப் செய்யும் எடிட்டர் ஒரு வரிசையில் அடுக்கியது. ப்ரோகிராமைச் சரிபார்த்துக் கட்டித்தரும் பில்டில் இருக்கும், வரிகளை ஒழுங்குபடுத்தும் ஃபார்மேட்டரோ வேறு வரிசை கேட்டு நிராகரித்தது. இந்த பில்டு ஓடாவிட்டால் நாளை ஹோமத்திலும் லேப்டாப்தான்.

பக்கத்து சீட்டில் மடியில் தேங்காய்ப் பையோடு ஓர் அம்மா. அடுத்தவர் திரையை எட்டிப் பார்க்கக் கொஞ்சமும் கூச்சப்படாதவர்.

"எடிட்டர்லயும் பில்டுலயும் ஃபார்மேட்டர் ஒரே வெர்ஷனான்னு பாருங்க தம்பி!"

இல்லை. எடிட்டரில் பழையது! மாற்றினேன்.

"ஓட விடுங்க, ஓட விடுங்க!" என்று என்னைவிட அவர்தான் பறந்தார். அதற்குள் ஊர் வந்துவிட்டது.

மறுநாள் கோயிலில், எங்களுக்கு அடுத்த ஹோமத்தில் மாலையும் கழுத்துமாக அதே அம்மா! தாலி கட்டப்போகும் நேரத்தில் புகைக்கு நடுவே என்னைக் கண்டுபிடித்து, "ஓடுச்சா?" என்று வாயசைத்தார்.

தலையாட்டினேன். கெட்டிமேளம் முழங்கியது. அதில் பாதி என் பில்டுக்குத்தான்.