டைனோசர் படத்து இடைவேளை

படம் சுமார்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நல்ல டைனோசர்கள் நான்கைந்து ஒரு பள்ளத்தாக்கில் ஒற்றுமையாக வாழ்கின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே முகம், வர்ணம் மட்டும் வேறு. நினைத்த நேரமெல்லாம் பாட்டு. தமிழ் வசனம் முடிந்த பிறகும் வாய் அசைந்துகொண்டே இருந்தது. மாமிசம் தின்னும் முரட்டு டைனோசர் ஒன்று, கடைசியில் மனம் திருந்திப் பூசணிக்காய் தின்னும் என்பது அதன் மூஞ்சியைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. இந்தப் படத்துக்குப் போய்த்தான் தென்காசியில் ஊர்க்காரர்களிடம் அடி வாங்கப் பார்த்தேன்.

நான் ராணுவத்தில் இருக்கிறேன். மனைவி போலீஸ். நாட்டை இவன் பார்க்கிறான், ஊரை அவள் பார்க்கிறாள், பிள்ளையை மாமியார் பார்க்கிறார் என்று கீழப்பாவூரில் எங்களைக் கேலி பேசுவார்கள். அந்த முறை எனக்கு லீவு கிடைத்தது குற்றால சீசனில். சாரல் காலத்தில் மனைவிக்கு அருவிக்கரையில் பந்தோபஸ்து. விடிந்ததும் போனால் இருட்டித்தான் வருவாள். மகளுக்கு மூன்றரை வயது. முந்தைய லீவில் நான் வந்து போனது அவளுக்கு நினைவில் இருக்க வழியில்லை.

வந்து சில நாளாகியும் அவள் என்னிடம் ஒட்டவில்லை. நான் ஒரு அறைக்குள் நுழைந்தால் அவள் அடுத்த அறைக்குப் போவாள். வாங்கி வந்த பொம்மையை எடுத்துக்கொண்டாள். என்னை மட்டும் எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. "பழகிருவா, விடுங்க" என்றாள் மனைவி. எனக்குப் பொறுக்கவில்லை. லீவு முடிவதற்குள் பழகாவிட்டால்? அடுத்த முறை வரும்போது இன்னும் வளர்ந்து, இன்னும் விலகிப் போய்விட்டால்? இதே நினைப்பாக இருந்தேன்.

அன்றைக்கு மாமியார் ஒரு சடங்கு வீட்டுக்குப் புளியங்குடி போயிருந்தார். வீட்டில் நானும் அவளும்தான். டிவியில் அந்தப் படத்தின் விளம்பரம் வந்ததும் அவள் பொம்மையைக் கீழே போட்டுவிட்டுப் பார்த்தாள். "போவமா?" என்றேன். தலையை ஆட்டினாள். எனக்கு மெடல் கொடுத்த மாதிரி இருந்தது. பைக்கில் முன்னால் உட்கார்ந்தவள் டேங்கைப் பிடித்துக்கொண்டாள். தென்காசி வரும்வரை என் மேல் சாயவே இல்லை.

மெயின் அருவியில் வெள்ளம் என்று குளிக்கத் தடை போட்டிருந்தார்கள். வெளியூர்க் கூட்டமெல்லாம் தியேட்டருக்கு வந்துவிட்டது. எண்ணெய் தேய்த்துவிட்டுக் குளிக்க முடியாமல் வந்து உட்கார்ந்தவர்கள்கூட இருந்தார்கள். மகள் பாதிப் படத்தைச் சத்தமே இல்லாமல் பார்த்தாள். இடைவேளைக்கு முன்னால் குட்டி டைனோசரின் அம்மாவை ஆற்று வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. நீல பாலிதீன் தாளை யாரோ உதறுவதுபோல ஒரு வெள்ளம். அருவிப் பக்கத்து ஆள் எவனும் அதை நம்ப மாட்டான். என் மகள் நம்பிவிட்டாள்.

விளக்கு போட்டதும் கூட்டத்தோடு வெளியே தூக்கி வந்து ஒரு ஐஸ் வாங்கினேன். அவள் வாங்கவில்லை.

"அம்மாட்ட போவணும்."

"போவலாம் பாப்பா. முதல்ல ஐஸ் சாப்பிடு."

"இப்பவே போவணும்! விடு! விடு!"

வில்லாக வளைந்து, என் நெஞ்சில் இரண்டு காலாலும் உதைத்துக் கத்தினாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பதற்றம் வந்தால் என் வாயில் இந்திதான் வரும், அத்தனை வருஷப் பழக்கம். "அரே, சுப்! ஏக்தம் சுப்!" என்றேன். சத்தம் போடாதே, வாயை மூடு என்று அர்த்தம். அதுவும் பரேடு குரலில்.

அதைவிடப் பெரிய முட்டாள்தனம் இருக்க முடியாது. அந்த மாதம் பிள்ளை பிடிக்கிறவர்களைப் பற்றிய ஒரு குரல் பதிவு எல்லோருடைய போனிலும் சுற்றிக்கொண்டிருந்தது. ஆள் வடக்கத்தியான், முடியை ஒட்ட வெட்டியிருப்பான், பிள்ளைக்குத் தின்பண்டம் வாங்கிக் கொடுப்பான். அதெல்லாம் வதந்தி, நம்பாதீர்கள் என்று அருவிக்கரை மைக்கில் சொல்லிச் சொல்லி என் மனைவிக்கே தொண்டை கட்டியிருந்தது. இப்போது ஒட்ட வெட்டிய முடியோடு, கையில் ஐஸோடு, இந்தி பேசிக்கொண்டு நான் நின்றேன்.

இரண்டு பிள்ளைகளைக் கையில் பிடித்திருந்த ஒரு பெண் முன்னால் வந்தாள். "ஏங்க, பிள்ளை உங்களுக்கு யாரு?"

"என் மகதாங்க."

"மகன்னா எதுக்கு இப்பிடிக் கத்துது?"

வேட்டி கட்டிய ஒரு அண்ணாச்சி குனிந்து மகளிடம் கேட்டார். "அழாத பாப்பா. இது யாரு?"

அவள் என்னைப் பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"உங்க அப்பா எங்க இருக்காவ?"

"போன்ல" என்றாள்.

என் தோளில் ஒரு கை விழுந்தது. யாரோ பிள்ளையை என்னிடமிருந்து வாங்கிக் கீழே நிறுத்தினார்கள். "ஏலே, கேட்டை அடைங்கலே!" என்று பின்னால் ஒரு குரல். ஒருவன் போனைத் தூக்கி என்னைப் படம் எடுக்கத் தொடங்கினான். பனியில், மலையில் காவல் நின்றிருக்கிறேன். அங்கே பயம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். இங்கே கையை ஓங்கினாலும் தொலைந்தேன், ஓடினாலும் தொலைந்தேன். ராணுவ அடையாள அட்டையை எடுத்து நீட்டினேன். "இதெல்லாம் எவன் வேணாலும் அடிச்சுக்கிடலாம்" என்றார்கள். மனைவிக்குத் திரும்பத் திரும்பப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அருவி இரைச்சலில் அவளுக்கு எங்கே கேட்கும்?

உண்மையைச் சொன்னால், அடிக்குப் பயந்ததைவிட மகளின் வாய்க்குத்தான் அதிகம் பயந்தேன். ஒரே ஒரு சொல். அது அவள் வாயிலிருந்து வராதா என்று அத்தனை பேருக்கு நடுவில் பிச்சைக்காரனாக நின்றேன்.

அந்தப் பெண்தான் என் போனைக் கையிலிருந்து வாங்கிப் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். எல்லாம் மகள்தான். வீடியோ காலில் பேசும்போது நான் எடுத்து வைத்தவை. திரை முழுக்க அவள் முகம், மூலையில் தபால்தலை அளவுக்கு நான். அந்தப் பெண் குத்தவைத்து உட்கார்ந்து ஒரு படத்தைக் காட்டினாள்.

"இந்த ஓரத்துல இருக்கது யாரு பாப்பா?"

"அப்பா."

"அப்போ இவிய?"

மகள் படத்தைப் பார்த்தாள். பிறகு என்னை, செருப்பிலிருந்து தலைவரை, மெதுவாகப் பார்த்துக்கொண்டே போனாள்.

"அப்பா சின்னதா இருப்பாவ" என்றாள் விக்கலுக்கு நடுவில். "இவிய ரொம்பப் பெருசா இருக்காவ."

முதலில் அண்ணாச்சிதான் சிரித்தார். "போன்லயே அப்பனப் பாத்த பிள்ளைல்லா! அது என்ன செய்யும், பாவம்." தோளில் கிடந்த கை தட்டிக்கொடுத்துவிட்டுப் போனது. படம் எடுத்தவன் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நழுவினான். "தப்பா நினைக்காதீங்கண்ணே" என்றாள் அந்தப் பெண். "நீங்க கேட்டது சரிதாம்மா" என்றேன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன். உருகிய ஐஸ் முழங்கைவரை வழிந்திருந்தது. ஆனாலும் கூட்டத்தின் மேல், போனின் மேல், என் வேலையின் மேல், எல்லாவற்றின் மேலும் ஆத்திரம் வந்தது.

மனைவி திரும்பக் கூப்பிட்டாள். "என்ன, இத்தனை தடவ கூப்பிட்டிருக்கீய?"

"ஒண்ணுமில்ல. படம் சுமார்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

வீட்டுக்குப் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். உள்ளே பாட்டுச் சத்தம் கேட்டதும் மகள் "படம்" என்றாள். பழைய இடத்தில் போய் உட்கார்ந்தோம். அப்பா சின்னதா இருப்பாவ என்று அவள் சொன்னதே மனதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. இருக்கையில் மெல்லச் சரிந்தேன். முட்டி முன் இருக்கையில் இடித்தது, கழுத்து வலித்தது. என் தலையும் அவள் தலையும் ஒரே உயரத்துக்கு வரும்வரை சரிந்துகொண்டே போனேன்.

திரையில் முரடன் பூசணிக்காய் தின்றான். அவள் ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள். பிறகு கையை நீட்டி என் மூக்கைத் தொட்டாள்.

"அப்பா."

அசைந்தால் அந்தச் சொல் போய்விடுமோ என்று எனக்குப் பயமாக இருந்தது. "என்ன பாப்பா?" என்றேன், வாய்க்குள்ளேயே.

"நீங்க எப்போ போவீய?"

"படம் முடியட்டும், சொல்லுதேன்" என்றேன். சரி என்று தலையை ஆட்டிவிட்டு, என் விரலைப் பிடித்துக்கொண்டு, அவள் படம் முடியக் காத்திருக்கத் தொடங்கினாள்.